கஜந்தினி எங்கே கையெழுத்து வைப்பாள்?

அத்தியாயம் 4

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே செல்வரட்ணம் வந்து கதிரையை நிரப்பிவிட்டார். கேதீஸ்வரியின் துப்பறியும் அலுவலகத்தில் இருக்கும் அந்தக் கதிரை பொய் விபத்துக்காரர்களையும் கள்ள உயில்காரர்களையும் பொறுமையாகத் தாங்கி வந்த கதிரை. ஒரு விளையாட்டுக் கழகத் தலைவரின் பாரம் அதற்கு இன்றைக்குத்தான் பழக்கமாகிறது. கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது.

தெல்லிப்பழையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். கேதீஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயது. பதினெட்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விசாரணை உத்தியோகத்தராக இருந்து, செத்துப்போனதாகப் பதிந்த ஆட்கள் கலியாண வீடுகளில் இரண்டாம் முறை பாயாசம் கேட்பதை எல்லாம் படம் எடுத்தவள். மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்துக்கொள்ள அந்த உத்தியோகம் அவளை விடவில்லை. உதவியாளன் அடைக்கலநாதன் முன்பு ஓட்டோ ஓடியவன். இப்போதும் அதே ஓட்டோதான் ஓடுகிறான், ஆனால் வாய்க்குச் சம்பளம் கிடைக்கிறது.

"பிள்ளை, விசயம் இரகசியம்" என்றார் செல்வரட்ணம்.

"சொல்லுங்கோ தலைவர்" என்றாள் கேதீஸ்வரி, கச்சான் கடலை உடைத்தபடி. இந்த வயதில் தன்னைப் பிள்ளை என்பவர்களை அவளுக்குப் பிடிக்காது.

செல்வரட்ணம் பண்டத்தரிப்பு வெண்சுடர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். குடாநாட்டுப் பெண்கள் கூடைப்பந்துச் சங்கத்தின் பதிவுச் செயலாளரும் அவரே. அதாவது ஆட்டக்காரிகளைப் பிடித்து வைத்திருக்கிறவரும் அவர், அவர்கள் போகலாமா என்று முத்திரை குத்துகிறவரும் அவர். சங்க அலுவலகம் அவருடைய வீட்டு முன் ஹோலில்தான் நடக்கிறது. இதில் என்ன பிழை என்று கேட்டால் அவருக்கு உண்மையாகவே விளங்காது.

வருடத்துக்கு ஒரு தடவை பதிவுக் கிழமை வரும். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரிகள் அந்தக் கிழமையில்தான் அடுத்த வருடம் எந்தக் கழகம் என்று படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். போகலாம் என்று பெயருக்குத்தான் விதி. பழைய கழகம் விடுதலைக் கடிதம் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் ஆடாமல் வாங்கில் குந்தியிருக்க வேண்டியதுதான். இந்த வருடப் பதிவு நாளை வெள்ளி மாலை ஐந்து மணிக்கு முடிகிறது.

முடியும்வரை குடாநாட்டுக்கு வேறு வேலை இல்லை. பந்தை வளையத்துக்குள் போடத் தெரியாதவர்கள் எல்லாம் யூரியூப்பில் இருந்து, யார் எங்கே போவார்கள் என்று வீதக் கணக்கில் அளந்து தள்ளினார்கள். வெண்சுடரின் நட்சத்திரம் கஜந்தினி வல்வெட்டித்துறைக்குப் போக எழுபது வீதம், பண்டத்தரிப்பிலேயே இருக்க இருபது வீதம், மிச்சப் பத்து வீதம் முருகனுக்குத்தான் தெரியும் என்று ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அதை முப்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

"உவள் கஜந்தினியை ஞாயிற்றுக்கிழமையிலை இருந்து காணேல்லை" என்றார் செல்வரட்ணம். "போன் ஓவ். தேப்பன் நமசிவாயத்தைக் கேட்டால் பருத்தித்துறையிலை பயிற்சி முகாமாம். சங்கச் செயலாளர் எனக்குத் தெரியாமல் முகாமோ? இஞ்சை பாருங்கோ."

தொலைபேசியை நீட்டினார். படத்தில் ஒரு கோயில் உள் மண்டபம். நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு, சுற்றி நின்ற பெண்களை விட ஒரு தலை உயரத்தில் கஜந்தினி.

"செவ்வாய்க்கிழமை, வல்வெட்டித்துறை அம்மன் கோயில். ஒரு யூரியூப்காரன் கள்ளமா எடுத்தது. வல்வை நீலத்திரைக் கழகம் ஆளை மடக்கிப்போட்டுது. எங்கை கையெழுத்து வைக்கிறாள் எண்டு எனக்கு எழுத்திலை வேணும். இண்டைக்கே வேணும்."

"தெரிஞ்சால் என்ன செய்வியள்?"

"நாளைக்கு மத்தியானமே ஒவ்வீசைப் பூட்டிப்போட்டு முத்திரையோடை ஒரு கலியாண வீட்டுக்குப் போயிடுவன். போன வருசம் ஜெயனி எண்ட பெட்டைக்கும் உதுதான் செய்தனான். படிவத்தோடை கேற்றடியிலை நிண்டு அழுதவளாம்." அவருடைய முகத்தில் ஒரு பெருமை. "வாற தை மாசம் தேசிய அணித் தெரிவு. ஒரு வருசம் வாங்கிலை இருந்தவளை ஆர் கூப்பிடுவினம்? பிறகு உவள் தானா வந்து என்ரை காலடியிலை நிப்பாள்."

கேதீஸ்வரிக்குக் கச்சான் கசந்தது. ஒரு பெண் எட்டு வருடம் வெயிலில் ஓடிச் சேர்த்ததை, இந்த மனிசன் கதவைப் பூட்டி அழித்துவிடுவாராம்.

"நன்றி கெட்ட சாதி, பிள்ளை! அவளின்ரை பெரியப்பர் தியாகலிங்கம் செத்து இண்டைக்குப் பதின்மூண்டு நாள். கழகம் எத்தினை பெரிய கண்ணீர் அஞ்சலி பனர் கட்டினது தெரியுமே?"

"கண்டனான் தலைவர்" என்றான் அடைக்கலநாதன். "செத்தவற்றை படத்தை விட உங்கடை படம் பெரிசு. நீங்கள்தான் போயிட்டியள் எண்டு நினைச்சிட்டன்."

"பிறகு?"

"பிறகு வாசிச்சுப் பார்த்தனான். கவலையாப் போச்சு."

கேதீஸ்வரி சிரிக்கவில்லை. உடைத்த கச்சான் கையிலேயே இருந்தது. "பெரியப்பா எண்டால், நமசிவாயத்தாற்றை கூடப்பிறந்த அண்ணரோ?"

"ஓம். சொந்தத் தமையன்."

"அந்த வீடு செத்தவீட்டுத் தீட்டு, துடக்குப் பார்க்கிற வீடோ?"

"நல்ல கேள்வி! ரெண்டு வருசத்துக்கு முதல் அவளின்ரை அப்பப்பா செத்த நேரம் எங்களுக்கு இறுதியாட்டம். முழு அணியும் பிள்ளையார் கோயிலுக்குள்ளை போச்சுது. உவள் மட்டும் துடக்கு எண்டு வெளிவீதியிலை, கேணியடியிலை நிண்டுபோட்டாள். குறூப் போட்டோ பழுதாப்போச்சு."

"விளங்குது" என்றாள் கேதீஸ்வரி. "பின்னேரம் உங்களுக்கு எழுத்திலை தாறன்."

---

ஓட்டோ அச்சுவேலி தாண்டித் தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஏறியபோது அடைக்கலநாதனால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, இதிலை துப்பறிய என்ன கிடக்கு? வல்வெட்டித்துறையிலை கோயில், வல்வெட்டித்துறையிலை கழகம். எழுபது வீதக்காரன் சொன்னது சரிதானே?"

"நீர் அந்தப் படத்திலை என்ன பார்த்தனீர்?"

"கோயில்."

"ஓம். எல்லாரும் எந்த ஊர்க் கோயில் எண்டுதான் பார்த்தவை. அவள் எப்பிடி உள்ளை போனவள் எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை."

"வாசலாலைதானே போயிருப்பாள்?"

"அடைக்கலம், உங்கடை கிறிஸ்தவ வீடுகளிலை ஒருத்தர் செத்தால் என்ன செய்வியள்?"

"கோயிலுக்குப் போவம்."

"நாங்கள் போகமாட்டம். முப்பத்தொரு நாள் துடக்கு. தகப்பன் வழிச் சொந்தம் முழுக்க, அந்தியேட்டி முடியுமட்டும் கோயில் வாசல்படி மிதியாயினம். பெரியப்பா செத்து ரெண்டு கிழமைக்குள்ளை கஜந்தினி அம்மனுக்கு முன்னாலை தட்டோடை நிக்கிறாள்."

"இந்தக் காலத்துப் பிள்ளையள் உதெல்லாம் பாக்குதுகளோ?"

"கப் எடுக்கப் போற நாளிலை, முழு அணியும் உள்ளை நிக்க, தான் மட்டும் கேணியடியிலை நிண்டவள். அவள் பார்ப்பாள்."

அடைக்கலநாதன் கொஞ்சத் தூரம் பேசாமல் ஓடினான். அது அவனுக்கு ஒரு சாதனை.

"அப்ப எப்பிடி அக்கா?"

"அதைத்தான் ஐயரிட்டைக் கேக்கப் போறம். கேட்டால் சொல்லமாட்டார். அதாலை கேக்காமல் கேக்கவேணும்."

---

மத்தியானப் பூசை முடிந்து அம்மன் கோயிலைப் பூட்டிவிட்டு ஐயர் திறப்புக் கோர்வையோடு வெளியே வந்துகொண்டிருந்தார். மெலிந்த, முன்கோபமுள்ள மனிதர். கஜந்தினி என்ற பெயரைக் கேட்டதும் அவருடைய கண் கேற்றைத் தேடியது.

"அர்ச்சனைக்கு ஆயிரம் பேர் வருவினம். எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"ஆறடி உயரப் பிள்ளை, ஐயா."

"நான் தலையைக் குனிஞ்சுதான் மந்திரம் சொல்லுறனான்."

அடைக்கலநாதன் இருமினான். கேதீஸ்வரி முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் கேள்வி கேக்க வரேல்லை. ஒரு குற்றம் நடந்துபோச்சு. அந்தப் பிள்ளை துடக்கு வீட்டுப் பிள்ளை. பெரியப்பா செத்து ரெண்டு கிழமையும் ஆகேல்லை. படமும் ஊர் முழுக்க ஓடுது. துடக்குக்காரியை உள்ளை விட்டு அர்ச்சனை செய்தவர் எண்டு பரிபாலன சபையிலை கதை வந்தால் உங்களுக்குத்தானே கரைச்சல்? பிராயச்சித்தம் ஏதும் செய்தால்..."

ஐயருக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருடம் மணியாட்டுகிற மனிதனுக்குத் துடக்குக் கணக்கு வகுப்பு எடுக்க ஒரு பெண்பிள்ளை தெல்லிப்பழையிலிருந்து வருவதா?

"ஆருக்குத் துடக்கு? எனக்குச் சாத்திரம் படிப்பிக்கிறீரோ? கலியாணம் கட்டின பொம்பிளை புருசன்ரை வழி. அவளுக்குத் தேப்பன்ரை தமையன் செத்தால் என்ன துடக்கு? தலைமுழுகினால் சரி. பிள்ளை முழுகிப்போட்டுத்தான்..."

அங்கே நின்றுவிட்டார். திறப்புக் கோர்வை மட்டும் கையில் ஆடியது.

"நன்றி ஐயா" என்றாள் கேதீஸ்வரி. "துடக்கில்லை எண்டால் பிரச்சினை இல்லை."

வெளியே வந்ததும் அடைக்கலநாதன் தலையில் கை வைத்தான். "கலியாணமோ! ஊரே ஆள் எந்தக் கழகத்துக்குப் போறாள் எண்டு அடிபடுது, அவள் கழுத்தை நீட்டிப்போட்டு அர்ச்சனை செய்யிறாள். மாப்பிள்ளை ஆர் எண்டு ஐயரைக் கேக்கேல்லையே?"

"இனி அந்த மனிசன் எங்களுக்குத் திருநீறும் தராது. கடற்கரைப் பக்கமா மெதுவா விடும். ஆறடிப் பொம்பிளை இருக்கிற வீட்டிலை ஏதாவது ஒண்டு உயரமாக் கிடக்கும்."

உயரமாகக் கிடந்ததை அடைக்கலநாதன்தான் முதலில் கண்டான். கடலைப் பார்த்த ஒரு வீட்டின் பின்வளவு. முன்னால் படகு எஞ்சின் திருத்துகிற சிறிய கடை. பின் சுவரில், சரியாகப் பத்தடி உயரத்தில், புதிதாகப் பொருத்திய இரும்பு வளையம் ஒன்று. அதில் வலைக்குப் பதில் ஒரு துண்டு மீன் வலை தொங்கியது.

"உந்த வளையத்துக்குள்ளாலை சூரை மீன் பாயாது அக்கா" என்றான்.

---

கஜந்தினி கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தாள். பஞ்சாபிச் சட்டையின் கழுத்துக்குள் தாலிக்கொடி மறைந்திருந்தது. பின்னால் எஞ்சின் எண்ணெய் படிந்த கையோடு அவளுடைய காதுவரைக்கும் உயரமான ஒரு இளைஞன். பெயர் சிவகரன். அவனுடைய தாய் தங்கமுத்து மீன் வெட்டின கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"ஆர் அனுப்பினது?" என்றாள் தங்கமுத்து.

"செல்வரட்ணம்" என்றாள் கேதீஸ்வரி. ஒளிப்பதில் பயனில்லை.

கஜந்தினியின் முகம் விழுந்தது. "அன்ரி, அவருக்குச் சொல்லாதேங்கோ. நாளைக்கு அஞ்சு மணி மட்டும் சொல்லாதேங்கோ."

இரண்டு மாதத்துக்கு முன் அந்த அம்மன் கோயிலில் தாலி கட்டி, பதிவும் செய்திருந்தார்கள். பண்டத்தரிப்பில் தோட்டக்காரக் குடும்பம், வல்வெட்டித்துறையில் கடல்காரக் குடும்பம். இரண்டு குடும்பமும் கும்பிடுவது ஒரே சாமியைத்தான், ஆனாலும் பெண் கொடுக்கிற கதை வந்தால் நடுவில் ஏழு கடல் வந்துவிடும். தகப்பனுக்குச் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா செத்துப்போனார். அழுகிற வீட்டில் அந்தக் கதையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"விடுதலைக் கடிதம் இல்லாமல் எப்பிடி நீலத்திரையிலை சேருவாய்?" என்று கேட்டாள் கேதீஸ்வரி.

"பதினாலாம் விதி. கலியாணம் கட்டின ஆட்டக்காரி புருசன்ரை ஊர்க் கழகத்திலை சேருறதுக்கு விடுதலைக் கடிதம் தேவையில்லை. மூண்டு வருசத்துக்கு முதல் கீர்த்திகா அக்கா எங்கடை ஊரிலை கலியாணம் கட்டினவ. அவவை வெண்சுடருக்கு இழுக்கிறதுக்காகத் தலைவர்தான் அந்த விதியை எழுதினவர்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனால் நான் விதிக்காகக் கட்டேல்லை அன்ரி. விருப்பத்திலை கட்டினது."

"ஒரு பந்து விளையாட்டுக் கழகத்தை விட்டுப் போக ஒரு பொம்பிளைக்குப் புருசன் தேவைப்படுது. நல்ல சங்கம்!" என்றாள் கேதீஸ்வரி.

"நீலத்திரை படிவத்திலை கையெழுத்து வைச்சுத் தந்திட்டுது. விவாகப் பதிவுக் கொப்பியும் கொழுவியிருக்கு" என்றான் சிவகரன். "இனித் தலைவற்றை முத்திரைதான். மணந்து பிடிச்சாரெண்டால் கதவைப் பூட்டிப்போட்டுப் போயிடுவார். ஜெயனிக்குச் செய்த மாதிரி."

கேதீஸ்வரி யோசித்தாள். செல்வரட்ணத்தை அவளுக்குத் துளியும் பிடிக்காது. ஆனால் அவர்தான் கட்சிக்காரர், கேட்ட கேள்விக்குப் பதில் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டாள். பதினெட்டு வருடத்தில் ஒரு அறிக்கையிலும் அவள் பொய் எழுதியதில்லை, இந்த மனிசனுக்காக அந்தப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் விருப்பமில்லை.

"நான் அவருக்கு உண்மையைத்தான் எழுதுவன்" என்றாள்.

தங்கமுத்து கத்தியை ஓங்கி மீனில் இறக்கினாள்.

"ஆனால் அந்த மனிசன் கேட்டது ஒரேயொரு கேள்வி. எங்கை கையெழுத்து வைப்பாள் எண்டு மட்டும்தான் கேட்டது." அவள் கஜந்தினியைப் பார்த்தாள். "நீ நாளைக்கு நாலரை மணிக்குப் படிவத்தோடை அங்கை போ. கடைசிக் கையெழுத்தை அவருக்கு முன்னாலை வை. அதுக்கு முதல் ஒரு வேலை கிடக்கு. காலமை வீட்டை போய் அப்பாவுக்கு உன்ரை வாயாலை சொல்லு. இதை அவர் யூரியூப்பிலை பார்த்து அறியக்கூடாது."

 நாலு பேர் மறித்தாலும் பாய்ந்து போடுகிற பெண், தகப்பன் என்றதும் ஒடுங்கிப்போய் நின்றாள்.

---

அன்று பின்னேரமே கேதீஸ்வரியும் அடைக்கலநாதனும் அறிக்கையைப் பண்டத்தரிப்புக்குக் கொண்டுபோனார்கள். ஒரேயொரு வசனம். செல்வரட்ணம் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"கஜந்தினி நாளை வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணியளவில், பண்டத்தரிப்பிலுள்ள சங்க அலுவலகத்தில், உங்கள் மேசையில், உங்கள் முன்னிலையில் கையெழுத்து வைப்பார்."

அவர் முகம் ஊதிப் பெருத்தது. "நான் சொன்னனானெல்லோ பிள்ளை! எங்கை சுத்தினாலும் திரும்பி என்னட்டைத்தான் வரவேணும்."

காலையில் அவர் சொன்னது, நீலத்திரை ஆளை மடக்கிவிட்டது என்று. கேதீஸ்வரி அதைத் திருத்தப் போகவில்லை.

"கலியாண வீட்டுக்குப் போகேல்லையோ தலைவர்?" என்றான் அடைக்கலநாதன்.

"என்ன கண்டறியாத கலியாண வீடு! கமராக்காரரைக் கூப்பிடவேணும்."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவருடைய முன் ஹோலில் மூன்று யூரியூப்காரர்கள், ஒரு றோசாப்பூ மாலை, ஒரு கேக், மூலைக் கதிரைகளில் கேதீஸ்வரியும் அடைக்கலநாதனும். கேக்கின் மேல் சிவப்பு ஐசிங்கில் 'வெண்சுடரின் ராணி' என்று எழுதியிருந்தது. எழுபது வீதக்காரன் நேரலையில், தான் ஆரம்பத்தில் இருந்தே பண்டத்தரிப்பு என்றுதான் சொன்னதாகக் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாலு இருபத்தைந்துக்குக் கஜந்தினி வந்தாள். தகப்பன் வீட்டிலிருந்து நேரே நடந்து வந்திருக்கிறாள் என்பது கால் தூசியில் தெரிந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன, உதடு காய்ந்து வெடித்திருந்தது. கேதீஸ்வரி எழும்பப் பார்த்து, பிறகு இருந்துவிட்டாள். தகப்பனிடம் அனுப்பியது அவள்தானே! நமசிவாயம் என்ற அந்த முகம் தெரியாத மனிசனைச் செல்வரட்ணத்தோடு சேர்த்து மனதுக்குள் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினாள்.

பின்னால் வந்த சிவகரனைச் செல்வரட்ணம் மேலும் கீழும் பார்த்தார். "ட்ரைவர் தம்பி, நீர் வெளியிலை நில்லும். கமராவுக்குள்ளை வராதையும்."

அவன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

றோசாப்பூ மாலை அவளுடைய கழுத்தில் விழுந்தது. கஜந்தினி படிவத்தை மேசையில் வைத்து, கீழ்க் கோட்டில் கையெழுத்து வைத்தாள். செல்வரட்ணம் கமராவைப் பார்த்தபடி முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினார்.

"வாசிச்சுப் பாருங்கோ தலைவர்" என்றாள் கஜந்தினி. நேர்மையான பிள்ளை, அதையும் சொல்லிவிட்டாள்.

"என்ன பிள்ளை வாசிக்கிறது? பத்தாம் வகுப்பிலை இருந்து நான் வளர்த்த பிள்ளை. இந்தச் செல்வரட்ணம் தன்ரை பிள்ளையளிட்டைக் கடிதாசி பார்த்து..."

டப்பென்று முத்திரை விழுந்தது. மணி நாலு முப்பத்தொன்று. பக்கத்தில் தன் கையெழுத்தையும் நீட்டி முழக்கிப் போட்டார். கேதீஸ்வரி கச்சான் பொட்டலத்தை அவிழ்த்தாள்.

எழுபது வீதக்காரன் தொலைபேசியைப் படிவத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் உரத்து வாசித்தான். "கழகம், வல்வை நீலத்திரை. விண்ணப்பதாரி, திருமதி கஜந்தினி சிவகரன். பதினாலாம் விதியின் கீழ்..." அவனுடைய குரல் தேய்ந்து, பிறகு இரண்டு மடங்காக ஏறியது. "நேயர்களே! நான் சொன்ன எழுபது வீதம்!"

செல்வரட்ணம் படிவத்தைப் பறிக்கப் பார்த்தார். ஆறடிப் பெண் கையை உயர்த்தினாள். அவருக்கு எட்டவில்லை.

"செல்லாது! நான் ரத்துச் செய்யிறன்! பதினாலாம் விதி விசர் விதி!"

"தலைவர், கமராவைப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றான் அடைக்கலநாதன். "அந்த விசர் விதியை எழுதின விசரன் ஆர் எண்டு சனம் கேக்குது. நாலாயிரம் பேர் பாத்துக்கொண்டிருக்கினம்."

செல்வரட்ணம் கமராவுக்கு முதுகைக் காட்டினார். பிறகு கேதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "நீ... என்னட்டை வேலைக்கு நிண்டு என்னையே ஏமாத்திப்போட்டாய்!"

"எங்கை கையெழுத்து வைப்பாள் எண்டு கேட்டனீங்கள். இடம், மேசை, மணி எல்லாம் எழுத்திலை தந்தனான். ஒண்டும் பிழைக்கேல்லை. எந்தக் கழகம், ஏன் எண்டெல்லாம் கேக்க உங்களுக்குப் பொறுமை இல்லை. உங்களிட்டைத்தான் வருவாள் எண்டு நீங்களே நினைச்சுக்கொண்டியள்." அவள் எழுந்தாள். "இன்னுமொண்டு. நான் பிள்ளை இல்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயசு."

வெளியே முற்றத்தில், மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் கஜந்தினி. சிவகரன் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டான். அடைக்கலநாதன் ஒரு கையில் கேக் துண்டோடு வந்து சேர்ந்தான். ஐசிங்கில் 'ராணி' மட்டும் வெட்டி எடுத்திருந்தான்.

"அடைக்கலம் அண்ணை, தண்ணி இருக்கோ?" என்றாள் கஜந்தினி. "காலமையிலை இருந்து குடிக்கேல்லை."

கேதீஸ்வரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், உன்ரை வீட்டிலை ஒரு மிடறு தண்ணியும் தரேல்லையோ?"

"அம்மா செம்பிலை கொண்டுவந்து தந்தவ. அப்பா பறிச்சுப்போட்டார்."

"பெத்த பிள்ளைக்குத் தண்ணி குடுக்காத மனிசனெல்லாம் ஒரு..."

"இல்லை அன்ரி." கஜந்தினி அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாகவே வந்தன. "அப்பா கன நேரம் சுவரைப் பாத்துக்கொண்டே இருந்தவர். அம்மா தண்ணி தர எழும்பி வந்து பறிச்சவர். 'அவளுக்கு இனித் துடக்கில்லை. கோயிலுக்குப் போய் வாற பிள்ளைக்கு இந்த வீட்டுத் தண்ணியைக் குடுத்துத் துடக்காக்காதை' எண்டு அம்மாவைப் பேசினவர். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னவர், 'முப்பத்தொண்டு முடியட்டும். ரெண்டு பேரும் வாங்கோ, சாப்பிடலாம்' எண்டு."

கேதீஸ்வரி கச்சான் பொட்டலத்தை மடித்து வைத்தாள். ஐயரின் வாயிலிருந்து தந்திரமாகப் பிடுங்கிய அதே கணக்கைத்தான் அந்த மனிசனும் போட்டிருக்கிறார். இன்னொரு குடும்பத்துப் பெண் என்று மகளைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு, அதற்குரிய மரியாதையோடு வாசல்வரை அனுப்பியிருக்கிறார். பார்க்காத ஆளைச் சாக்கில் போட்டுக் கட்டியதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே செல்வரட்ணம் யாரையோ தொலைபேசியில் திட்டுவது கேட்டது. அடைக்கலநாதன் ஓட்டோவிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்தான். கஜந்தினி அண்ணாந்து, போத்தல் முடியும்வரை குடித்தாள்.